இவருக்கு ஒரு மகள் உண்டு

4 மார்ச் 2008

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நூலக அலமாரியைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அடுக்கி முடிக்க மதியமாகிவிட்டது. பிறகு கொஞ்ச நேரம் கலைக்களஞ்சியம்.

"சம்பளம் இல்லாத சோலிக்கு இம்புட்டு மொகச் சுளிப்பா?" என்று என் கணவர் டிக்சன் வீட்டில் கேலி செய்கிறார். இணையத்தில் ஊர் கூடி எழுதும் களஞ்சியத்தில் நிர்வாகி என்றால் வேறென்ன, குப்பை கூட்டுவதும் சண்டை விலக்குவதும்தான். அவருக்குச் சொன்னால் புரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைய சண்டை நடிகை செந்தாரகை கட்டுரையில். எழுபதுகளில் தங்கை, தோழி வேடங்களில் வந்தவர். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாரே, அவர். கட்டுரையை எழுதியவர் சென்னை ஞானவேல். பழைய சினிமாப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருப்பவர், கறாரானவர். 'திருமணம் செய்துகொள்ளவில்லை, குழந்தைகள் இல்லை' என்று எழுதியிருக்கிறார். கணக்குத் தொடங்காத யாரோ ஒருவர் அதை எடுத்துவிட்டு 'இவருக்கு ஒரு மகள் உண்டு' என்று போடுகிறார். ஞானவேல் மாற்றுகிறார். அந்த ஆள் மறுபடி போடுகிறார். வேறு எதையும் தொடுவதில்லை. அந்த ஒரே வரி.

7 மார்ச்

கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் கேட்டேன்: "இதற்குச் சான்று தர முடியுமா?"

பதில்: "அது உண்மை."

ஞானவேல்: "உண்மை மட்டும் போதாது ஐயா. எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவரைப் பற்றி வாய்ப்பேச்சை எழுத முடியாது."

அவர் சொன்னது சரி. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். உயிரோடு இருக்கும் ஒரு பெண்மணிக்கு இல்லாத பிள்ளையை ஒட்டவைத்தால் யார் பதில் சொல்வது?

10 மார்ச்

சண்டை நிற்கவில்லை. யாரும் மாற்ற முடியாதபடி கட்டுரையைப் பூட்டிவிட்டேன். பூட்டும்போது எந்த வரி நிற்கிறதோ அதுதான் இருக்கும். நின்றது ஞானவேலின் வரி.

19 மார்ச்

காலையிலிருந்து மூட்டம். ஜன்னலுக்கு வெளியே பள்ளி மணிக்கூண்டே தெரியவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. அந்த அவசரத்தில் உள்நுழைய மறந்து ஏதோ ஒரு கட்டுரையில் எழுத்துப்பிழை திருத்திவிட்டேன். பக்க வரலாற்றில் என் பெயருக்குப் பதில் பள்ளி இணைய இணைப்பின் எண் விழுந்தது; கணக்கில்லாதவர்களுக்கும் அப்படித்தான் விழும். பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று செந்தாரகை பக்கத்தைத் திறந்தேன்.

அதே எண்.

மகள் உண்டு என்று எழுதுகிறவர் எங்கள் பள்ளிக்குள்ளேதான் இருக்கிறார்.

20 மார்ச்

யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. நூலகத்தின் மூலைக் கணினியில் தமிழ் எழுதுபவர் ஒருவர்தான். தமிழாசிரியை சத்தியபிரியா. மதிய இடைவேளையில் நான் பின்னால் போய் நின்றபோது பூட்டிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்யா மிஸ்... இது நீங்களா?"

திரும்பவில்லை. "திறக்க மாட்டேங்குது மிஸ். யாரோ பூட்டிட்டாங்க."

"நான்தான் பூட்டுனேன்."

அப்போதுதான் திரும்பினார். அந்த முகத்தைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் அந்த மூக்கையும் மோவாயையும் திரையில் பார்த்திருக்கிறேன் என்று உறைத்தது.

"அந்த மகள் நான்தான் மிஸ்."

தாயில்லாமல் வளர்ந்தவர் என்று மட்டும் தெரியும். செத்துப்போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை.

21 மார்ச்

தெரிந்தவர் விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேறொரு நிர்வாகியிடம் ஒப்படைத்துவிட்டேன். "ஒரு தரப்பை எனக்கு நேரில் தெரியும், விலகிக்கொள்கிறேன்" என்று எழுதினேன். அவர் பதில்: "சான்று வரும்வரை பூட்டு இருக்கட்டும்."

நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். பிறகு ஏன் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறக்கிறேன்?

6 ஏப்ரல்

சத்யா மிஸ் கூப்பிட்டதால் பெருமாள்மலைக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்துக்கு மேலே, வளைவில் வீடு. அப்பா வீரையா முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து எழுபத்திரண்டில் கப்பலேறி வந்த குடும்பம். அப்போது சத்யாவுக்கு மூன்று வயது.

அவர் பேசவே மாட்டார் என்று நினைத்தேன். பேசினார்.

"எதுக்கும்மா அதைக் கிளறிக்கிட்டு? பெருமாயி எங்கனயாச்சும் நல்லா இருக்கட்டும்."

செந்தாரகையின் இயற்பெயர் பெருமாயி.

"ஓடிப்போனான்னு சனம் சொல்லும். ஓடலை. நான்தான் போகச் சொன்னேன். அங்க கூலிக்காரங்க லயத்துல அவ பாடுனா தொரை பங்களாவுல இருந்து ஆள் வந்து நின்னு கேக்கும். இங்க வந்து மரப்பட்டை உரிச்சுக்கிட்டுக் கெடந்தா. கையெல்லாம் கறை. பழனிக்கு நாடகக் கம்பெனி வந்துச்சு. புள்ளையோட வந்தா சேக்க மாட்டோம்னாங்க. புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ போன்னேன். ரெண்டு வருசத்துல வந்துருவான்னு நெனச்சேன்."

சத்யா மிஸ் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். பாத்திரச் சத்தம் நின்றுபோனது. இதை அவர் இதற்கு முன் கேட்டிருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது நிறுத்தம்வரை கூடவே வந்தார். "எனக்கு அவங்க வேணாம் மிஸ். ஒரு நாளும் போய் வாசல்ல நின்னதில்லை. ஆனா உலகமே படிக்கிற இடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கே. நான் இருக்கேனே."

15 மே

சீசன். ஏரியைச் சுற்றி மனிதத் தலைதான். சத்யா மிஸ்ஸும் நானும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பூட்டு அப்படியே கிடக்கிறது.

9 ஜூன்

செந்தாரகை இறந்துவிட்டார்.

ஆசிரியர் அறையில் செய்தித்தாள் மேசைமேல் கிடந்தது. ஏழாம் பக்கத்தில் சின்னப் படம். 'பழம்பெரும் நடிகை காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, குழந்தைகள் இல்லை. இறுதிச் சடங்குகளைத் திரையுலக நண்பர்களே செய்து முடித்தனர்.'

செய்து முடித்துவிட்டார்கள். நேற்றே.

நான் படிப்பதற்கு முன்பே சத்யா மிஸ் படித்திருக்கிறார். தாளை மடித்து, ஓரத்தை விரலால் நீவி வைத்தார். "வீட்டுக்குப் போங்க மிஸ், நான் ஹெச்செம்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றேன். "என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

என்னவென்று சொல்வேன்?

"எட்டாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி இருக்கு" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

10 ஜூன்

இன்னொரு நாளேட்டையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு தாள்களிலும் அதே சொற்கள். அந்தக் காற்புள்ளி உட்பட. எங்க பக்கத்தைப் பாத்து அப்படியே எழுதியிருக்காங்க. நான் பூட்டி வச்ச வரி. அது போதாதென்று இன்று யாரோ புதியவர் பேச்சுப் பக்கத்தில் கேட்கிறார்: 'குழந்தைகள் இல்லை என்பதற்குப் பத்திரிகைச் செய்தியைச் சான்றாகச் சேர்க்கலாமே?'

நாங்க சொன்னதை அவங்க அச்சடிச்சாங்க. அவங்க அச்சடிச்சதை நாங்க சான்றுன்னு ஒட்டணுமாம். இந்தப் பொம்பளை சத்யா எங்க போய் நிப்பா?

டிக்சன் சொன்னார்: "நீ விலகிட்டேல்ல. விலகுனவ கேள்வி கேக்கக் கூடாதுன்னு ஏதும் விதி இருக்கா?"

இல்லை.

11 ஜூன்

எழுதிவிட்டேன். பலமுறை அழித்தேன், கோபம் தெரியாமல் இருக்க.

"இக்கட்டுரையில் நான் முடிவெடுக்கப் போவதில்லை. ஒரு கேள்வி மட்டும். இரங்கல் செய்திகள் நம் பக்கத்திலிருந்து எடுத்தவை, அவை சான்றாகா. 'மகள் உண்டு' என்பதற்குச் சான்று கேட்டோம். 'குழந்தைகள் இல்லை' என்பதற்கு யாரும் கேட்கவில்லை. ஞானவேல் ஐயா, அது எங்கே அச்சில் வந்தது?"

14 ஜூன்

ஞானவேலிடமிருந்து பதில் இல்லை. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் பாய்ந்து வருபவர்.

17 ஜூன்

வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பரணிலிருந்து அந்த இதழை இறக்கிப் பார்த்தேன். 1979ஆம் ஆண்டுப் பேட்டி. குடும்பம் பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்னது: 'எனக்குன்னு சொல்லிக்க இங்க யாரும் இல்லை.' அவ்வளவுதான். திருமணம், குழந்தை என்ற சொற்களே அதில் இல்லை. 'இங்க' என்ற சொல்லை நான் அன்று கவனிக்கவில்லை. குழந்தைகள் இல்லை என்று சொன்னவர் அவர் அல்லர், நான். அவ்வரியை நீக்கி, அவர் கூறியதை அவர் வாய்மொழியாகவே சேர்க்கக் கோருகிறேன். இரு நாளேடுகளுக்கும் திருத்தம் கேட்டு எழுதியுள்ளேன். போடுவார்கள் என்று நம்பிக்கை இல்லை."

மற்ற நிர்வாகி பூட்டைத் திறந்து மாற்றிவிட்டார். இவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டியது. மார்ச்சில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால்— வேண்டாம். எழுதாதே.

18 ஜூன்

சத்யா மிஸ்ஸிடம் காட்டினேன். அந்த மேற்கோளை உதடு அசையப் படித்தார்.

"இங்க யாரும் இல்லை..."

"ஆமா மிஸ்."

"இங்கன்னா மெட்ராஸ்ல."

அது அவர் படித்துக்கொள்ளும் விதம். நான் யார் சரி, தப்பு சொல்ல?

பிறகு கேட்டார்: "சரி. மகள் உண்டுன்னு எப்பப் போடுவாங்க?"

"அது... போட முடியாது மிஸ். அச்சுல இல்லை."

"அப்ப, இல்லைங்கிறதும் போச்சு. இருக்குங்கிறதும் வராது."

"ஆமா."

"இதைத்தான் காட்டக் கூப்பிட்டீங்களா?" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னார்: "பூட்டாம இருந்திருந்தா பேப்பர்ல அப்படி வந்திருக்காது மிஸ். எங்கப்பா அதை எழுத்துக்கூட்டிப் படிச்சாரு."

20 ஜூலை

பேசுவதில்லை. எதிரே வந்தால் "குட் மார்னிங் மிஸ்". மழை. நூலகச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது.

2 ஆகஸ்ட்

கோயிலில் முழந்தாளிட்டிருக்கையில் சத்யா மிஸ்ஸின் முகம்தான் வந்தது. அவருக்காக ஜெபித்தேனா, எனக்காகவா என்று தெரியவில்லை.

25 ஆகஸ்ட்

பேச்சுப் பக்கத்தில் ஞானவேல் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார், அந்த எண்ணுக்கு.

"மகள் உண்டு என்று எழுதியவருக்கு: தாங்கள் அவருக்கு உறவினர் எனில், நம் வழக்கப்படி அதை இப்பக்கத்தில் தெரிவிக்க வேண்டும். நெருங்கியவர் கட்டுரையைத் தொகுப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் இன்னார் என்று இங்கே சொல்வது தங்கள் கடமை. உரிமையும்கூட. இதற்குச் சான்று கேட்க மாட்டேன்."

கறாரான மனிதர். விதியை எடுத்து நீட்டுவது போலத்தான் நீட்டியிருக்கிறார். திரும்பத் திரும்பப் படித்தேன்.

அச்செடுத்து, சத்யா மிஸ்ஸின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நின்று பேசத் தைரியமில்லை.

29 ஆகஸ்ட்

இன்று மதியம் வந்தார். மூலைக் கணினியில் உட்காராமல் என் மேசைக்கு வந்தார்.

"கணக்கு எப்படித் தொடங்குறது மிஸ்?"

பக்கத்தில் நாற்காலி போட்டேன். பெயர்க் கட்டத்தில் 'வீ. சத்தியபிரியா' என்று தட்டினார். புனைபெயரும் வைக்கலாம் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பேச்சுப் பக்கத்தைத் திறந்து, விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எழுதினார்: "செந்தாரகை என்ற பெருமாயி என் தாய். தந்தை வீரையா. இக்கட்டுரையை இனி நான் தொகுக்க மாட்டேன்."

சேமித்தார். கீழே அவர் பெயரும் நாளும் தாமாக வந்து விழுந்தன.

"இதையும் எடுத்துருவாங்களா?"

"பேச்சுப் பக்கத்துல ஒருத்தர் தன் பேர் போட்டு எழுதுனதை யாரும் தொடக் கூடாது மிஸ். அது விதி."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பக்கத்தை மூடினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தார்.

இருந்தது. கீழே ஞானவேல் அதற்குள் எழுதியிருந்தார்: "தெரிவித்தமைக்கு நன்றி அம்மா. தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல்."

அப்போதுதான் அழுதார். இதுவரை யாரும் அவரிடம் துக்கம் விசாரிக்கவில்லை. நானும்தான்.