மூடாத மேற்கோள் குறி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் டாக்டரிடம் திட்டு. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நாய்க்கு நான் அச்சடித்துக் கொடுத்த சீட்டில் முதல் வரி மட்டும்தான் இருந்திருக்கிறது: ‘தண்ணீர் தவிர எதுவும் தரக் கூடாது.’ ‘மறுநாளிலிருந்து வழக்கம்போல் சாப்பாடு’ என்ற இரண்டாம் வரியைக் கணினி விழுங்கிவிட்டது. நாய்க்காரம்மா ஃபோனில், “இன்னும் எத்தனை நாளைக்குப் பட்டினி?” என்றார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை — நல்லவேளை, கையில் ஊசி இல்லை.

மார்ச் 4, புதன்

எங்கள் மருத்துவமனைக்கு மென்பொருள் செய்து கொடுத்தது அக்காதான். அவளைக் கேட்டேன். “குறிப்பு அடிக்கிற கட்டம் ஒரு வரிதான்டி வாங்கும். நான் சரி பண்ற வரைக்கும் கறுப்புத் திரையில கட்டளை அடிச்சு, குறிப்ப மேற்கோள் குறிக்குள்ள போட்டு, டேட்டாபேஸுக்குள்ள நேரா ஏத்து” என்றாள்.

நான் கட்டளையிட்டு இந்த ஆஸ்பத்திரியில் யார் கேட்டிருக்கிறார்கள்?

மார்ச் 5, வியாழன்

ஒரு பூனைக்கு ஐந்து வரிக் குறிப்பு. அடித்து என்டரைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். கர்சர் அடுத்த வரிக்குப் போய்க் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. ‘வெளியே விடு’ என்று அடித்தேன். அசையவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் அடித்துத் தீர்த்தேன். வெறும் திரைதானே, யார் படிக்கப்போகிறார்கள்?

அக்காவைக் கூப்பிட்டேன். “கடைசியில மேற்கோள் குறிய மூடினியா?” மூடவில்லை. மூடினேன். சட்டென்று உள்ளே போய்விட்டது. அப்பாடா. சீட்டை அச்சடித்து, மடித்து, பூனைக்காரரிடம் கொடுத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு. மேற்கோள் குறியை மூடும்வரை எதை அடித்தாலும் அதுவும் குறிப்புதானாம். இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன அவளுக்கு?

பூனைக்காரர் சீட்டோடு வந்து நின்றார். டாக்டர் வாங்கிச் சத்தமாகப் படித்தார்: “வெளியே விடு. என்ன முழிக்கிற, பதில் சொல்லித் தொலை. டாக்டர் நாய் பூனைகிட்ட மட்டும் தேன் ஒழுகப் பேசுவார். நம்மைப் பார்த்தா கடிப்பார்.”



“வெளிய விடுன்னு போட்டிருந்துச்சு, விட்டுட்டேன். நேத்துலேருந்து காணோம்” என்றார் பூனைக்காரர்.

டாக்டர் எழுந்தார். மூவரும் தெருத்தெருவாகத் தேடினோம். கடைசியில், தெருவில் நிறுத்தியிருந்த ஒரு வேனுக்கு அடியில் பூனை இருந்தது. டாக்டர் சாலையிலேயே குப்புறப் படுத்து, “வாடா கண்ணு, பயப்படாத தங்கம்” என்று கொஞ்சிக் கொஞ்சி வெளியே எடுத்தார். எழுந்தவர் என்னைப் பார்த்தார். நான் வேனைப் பார்த்தேன்.

மார்ச் 7, சனி

வேலை இருக்கிறதா, இல்லையா? அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

காலையில் டாக்டர் உள்ளே நுழைந்தார். என் மேஜை அருகே நின்று, “சாப்பிட்டியாம்மா?” என்று மெல்லக் கேட்டார்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். நாய், பூனை எதுவும் இல்லை.