மெட்டுக்கு அந்தப்பக்கத்து மழை

க. புதுப்பட்டி,
ஆடி 6, செவ்வாய்

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. ஓசூரில் நீயும் மாப்பிள்ளை தமிழ்மாறனும் சுகந்தானே. போனில் சொல்லியிருப்பேன்; நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலநிலை மாற்றத்துக்கென்று மாவட்டத்தில் திட்டம் போடுகிறார்கள். கிராம உதவியாளர் வேலைதான் உனக்குத் தெரியுமே, மேலே எது போட்டாலும் கீழே நடப்பது நான்தான். வெயிலிலும் மழையிலும் வேலை செய்கிறவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய் எழுதினேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள் மட்டும் நூற்றுப் பதினாறு. உன் அம்மாவும் அதில் ஒருத்தி. திட்டக் கூட்டத்தில் அவர்களை எழுதிய பக்கத்தையே கோடு போட்டு அடிக்கச் சொல்லிவிட்டார்கள். வேலை பார்ப்பது கேரளாவில், அவர்கள் திட்டத்தில் வரும் என்றார்கள். தோட்டத்துக் கங்காணியைக் கேட்டால், குடியிருப்பது தமிழ்நாடு, உங்கள் திட்டத்தில்தான் வரும் என்கிறார். திட்டத்தைக் குறை சொல்லவில்லை. கண்மாய் தூர்வாருவது, மரம் நடுவது எல்லாம் அதில் இருக்கிறது. இந்தப் பெண்கள்தான் இல்லை. எனக்குச் சலித்துவிட்டது, ஆத்தா.

போன வியாழக்கிழமை, தோட்டம் இருக்கிற இடுக்கிக்கு மழைக்கான சிவப்பு எச்சரிக்கை. நமக்கு மஞ்சள்தான். விடியக்காலையில் ஆற்றுப்பக்கம் போக வேண்டாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போகிறேன், அம்மா ஏறிய ஜீப் என்னைத் தாண்டி, மெட்டு ஏறி மலைக்கு அந்தப்பக்கம் போகிறது. நிறுத்த எனக்கு உத்தரவு இல்லை. இருந்தாலும் நிறுத்தியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் மலைச்சாலையில் மண் சரிந்தது. அம்மாவின் ஜீப்புக்கு முன்னால் வந்த ஜீப்பில் இரண்டு பெண்களுக்குக் கால் முறிந்துவிட்டது.

அம்மா மறுநாளும் கிளம்பினாள். மூன்று நாள் போகாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடுமாம். தடுத்துப் பார்த்தேன். நீங்க மைக்குல சொல்றது தமிழ்நாட்டு மழைக்கு, நான் நனையிறது கேரளா மழையில, உங்க சோலியப் பாருங்க என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். இப்போதெல்லாம் ஜீப் திரும்பும்வரை சோறு இறங்குவதில்லை.

நீ கூப்பிட்டால் வருவாள். உனக்கு உடம்புக்கு முடியவில்லை, இரண்டு மாதம் கூட இருக்க வேண்டும் என்று சொல். வந்தபின் மழை ஓயும்வரை அனுப்பாதே. நான் இங்கே பொங்கித் தின்றுகொள்வேன்.

பொய்தான். ஆனால் இன்ன நோய் என்று உன் பேருக்கு நேரே எழுத எனக்குக் கை வரவில்லை. நீயே ஏதாவது யோசித்துச் சொல்லிக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது, சுருளி வேலப்பர் பார்த்துக்கொள்வார். கடிதம் கிடைத்த அன்றே அம்மாவைக் கூப்பிடு, தாயே.

உன் நலமே நினைக்கும் அப்பா,
கர்ணன்