வேண்டாம் என்று சொல்லவில்லை

சனிக்கிழமை, இரவு.

எங்கள் கூடைப்பந்து அணியில் ராணி அக்காவைச் சேர்ப்பதா என்று இன்று பேசினோம். ஒரு காலத்தில் புதுச்சேரியே கொண்டாடிய சென்டர் ஆட்டக்காரர். இப்போது நாற்பதை நெருங்குகிறார். பந்தைக் கூடையில் போடுகிறார், திரும்பி ஓடத்தான் முடியவில்லை. அவர் வந்தால் சென்டரான நான் வெளியே உட்கார வேண்டும்.

“நீ என்னடி சொல்ற?” என்று கேப்டன் பாத்திமா அக்கா கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “ம்” மட்டுமே வந்தது.

“சம்மதிச்சுட்டாடி! நிக்காஹ்ல சம்மதம் கேட்டா பொண்ணுகூட இவ்வளவு சத்தமா சொல்ல மாட்டா” என்றார் பாத்திமா அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

படிப்பை விட்டபிறகு எனக்கென்று இருப்பது அந்த மைதானம் ஒன்றுதான். நாளை ராணி அக்காவை பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்தான் அழைத்து வர வேண்டுமாம். வழியெல்லாம் அவரிடம் என்ன பேசுவது?