நூற்றுப் பத்து என்று போட்டேன்

மார்ச் 4
காலையில் எரிமலைக்கடியில் நான்கு சின்ன நில அதிர்வுகள். மலைக்கு மிக அருகில் இருக்கும் நம் ஆய்வு மையத்து அதிர்வுக் கருவியால் பயனில்லை. பக்கத்தில் சாலை போடுகிறார்கள்; ரோலர் உருளுவதுதான் பதிவாகிறது. அதைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டேன். தூரத்துக் கருவிகளை மட்டும் வைத்தால் ஆழம் சரியாக வராது, நாமே ஓர் ஆழத்தை ஊகித்துத் தரவேண்டும். 110 கிலோமீட்டர் என்று போட்டேன். பதினோரு வருடமாக இந்த எரிமலைக்கடியில் நான் பார்த்ததெல்லாம் அதை ஒட்டித்தான்.

உடனே தங்கையின் போன். அடிவாரத்தில் டம்ளர் ஆடினாலும் என்னைத்தான் கூப்பிடுவாள்.

"எவ்வளவு ஆழம்க்கா?"

"நூத்திப் பத்து. ரொம்ப ஆழம், மேல ஒண்ணும் ஆகாது. பயமில்லடி, போய் வேலையப் பாரு."

"எனக்கென்ன பயம்? எங்க வீட்டுக்காரருதான் தையல் மெஷினத் தூக்கித் தெருவுல போட்டு உக்காந்திருக்காரு. தெருவே சிரிக்குது."

நானும் சிரித்தேன்.

மார்ச் 5
பிற்பகல் 3:20-க்குப் பெரிய நிலநடுக்கம். அளவு 5.9. ஆழம் ஆறு கிலோமீட்டர். ஆறு! தங்கை போனை எடுக்கவில்லை.

மார்ச் 6
மாப்பிள்ளை போய்விட்டார். வீட்டு முன்கட்டில் இருந்த தையல் கடைச் சுவர் சரிந்துவிட்டது. மெஷின் மேலேயே கவிழ்ந்து கிடந்தாராம். தங்கை பின்கட்டில் இருந்ததால் பிழைத்தாள்.

மார்ச் 17
நான் தூக்கிவிட்ட அந்தக் கருவியில், ரோலர் நின்றிருந்த நேரத்துப் பதிவுகளை இன்று எடுத்துப் பார்த்தேன். நான்காம் தேதி காலை வந்த நான்கில் ஒன்று சுத்தமாக இருக்கிறது. முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லை. நூற்றுப் பத்து கிலோமீட்டரிலிருந்து வந்திருந்தால் பன்னிரண்டு நொடியாவது இருக்கும். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் நான்தான் விளக்குவேன். கடலடிப் பாறைத் தட்டு நம் நிலத்தட்டுக்கு அடியில் சரிந்து போகிறது, வருடத்துக்கு ஏழு சென்டிமீட்டர். நூறு கிலோமீட்டர் இறங்கியதும் அதிலுள்ள நீர் பிழிந்து வெளியேறி, மேலிருக்கும் பாறையை உருகவைக்கிறது. அதனால்தான் எரிமலைகள் கரைக்கு இணையாக வரிசைகட்டி நிற்கின்றன. அமிழும் தட்டுக்குள் நடக்கும் உடைசல் ஆழத்தில் இருக்கும். சின்னதென்றால் மேலே வருவதற்குள் அடங்கிவிடும். ஆனால் அதே தள்ளல் நம் தட்டையும் நெருக்குகிறது. மலையைச் சுற்றிச் சூட்டில் இளகிய இடத்தில் அது முறியும், காலுக்கு நேர்கீழே. இந்த இரண்டாவதை எப்போதும் கடைசி நிமிடத்தில், பிள்ளைகள் பையைத் தூக்கும்போதுதான் சொல்வேன்.

சரியாகப் போட்டிருந்தாலும் பெரியது வருமென்று எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் "பயமில்ல" என்று சொல்லியிருக்க மாட்டேனே!

மார்ச் 19
110 தப்பென்று ஆய்வு மைய இயக்குநரிடம் சொன்னேன். அவர்: "யாரா இருந்தாலும் அப்படித்தாம்மா போட்டிருப்பாங்க. அறிக்கையில அதெல்லாம் எதுக்கு?"

எதுக்கா? செத்தது உன் வீட்டு ஆளா? — நேரில் கேட்கவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2
தங்கை என்னோடுதான் இருக்கிறாள். சோற்றைத் தொடுவதில்லை, அழுவதுமில்லை. இன்று தானாகப் பேசினாள்.

"அவரு உள்ள வரவே மாட்டேன்னாருக்கா. 'எங்கக்காவ விட உங்களுக்குத் தெரியுமா, மானத்த வாங்காதீங்க'ன்னு திட்டி நான்தான் மெஷினோட உள்ள அனுப்பினேன். நான்தான் கொன்னுட்டேன்."

முதுகைத் தடவிக்கொடுத்தேன். 110 நானாகப் போட்டது என்று சொல்லவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது. என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 3
சொல்லிவிட்டேன். சமையலறையில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது.

"நூத்திப் பத்து அளந்து சொன்னதில்லடி. நானா போட்டது. தப்பு. மொத நாள் காலையில வந்த சின்ன அதிர்வும் ஆறு கிலோமீட்டர் ஆழத்துக்கிட்டதான்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நான் கொல்லலையா?"

"இல்லடி. நீ இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளில் முதல் தடவை. பக்கத்தில் போனேன்.

"தொடாத" என்றாள்.

ஏப்ரல் 5
அறிக்கையில் என் தவறை நானே சேர்த்து அனுப்பிவிட்டேன். நடப்பது நடக்கட்டும். தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 11
சித்தி பேசினார். "ரெண்டு வேளையும் சாப்பிடறா. மத்தியானம் நல்லாத் தூங்கினா. உன் பேச்சை எடுத்தா மட்டும் தட்டுல கைய உதறிட்டு எழுந்துடறா. நான் வேணா கொஞ்சம் கொஞ்சமா சொல்லிப் பாக்கட்டுமா?"

"வேணாம் சித்தி" என்றேன். "சாப்பிடட்டும்."