இடது பக்கத்துக்குத் தனிக் காகிதம்

சாரம், புதுச்சேரி

என் செல்ல மகள் அமுதவல்லிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகம், நானும் சுகம், பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சுகம். அங்கே பாரீசில் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் மணக்குளப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசினால் கையைத் தூக்காதே, குனியாதே, ரெஸ்ட் எடு என்று என்னைப் பேசவே விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

என் தம்பி தெய்வசிகாமணி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். என் புள்ள செழியனுக்கு அத்தைன்னு நீ ஒருத்தி இருக்கும்போது வேற யாரு ஆரத்தி எடுக்கறது, நீதான் வரணும்க்கா என்று சொல்லிவிட்டுப் போனான். இடது மார்பை எடுத்ததிலிருந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியைத் தவிர நான் எங்கும் போனதில்லை, அதுவும் துண்டைப் போர்த்திக்கொண்டுதான். மேடையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆரத்தி எடுக்க முடியுமா? சரி, ஜாக்கெட் தைக்கலாம் என்று துணியோடு துர்காவின் தையல் கடைக்குப் போனேன். பழைய அளவு ஜாக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இதே அளவுலயே தச்சுடறேங்க்கா, அந்தப் பக்கம் பஞ்சு வெச்சுக்கங்க, ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். நல்ல மனசுக்காரிதான். உள்ளே வைத்துக்கொள்ளப் பொய் மார்பு ஒன்று நீ அனுப்பினாயே, அதுவும் அந்த மாதிரிதானே கண்ணு, நம்மூர் வேர்வையில் வழுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடுகிறது. இல்லாததை இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டு நிற்க எனக்கு இஷ்டமில்லை. நானே தைத்துக்கொள்கிறேன் என்று துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நன்றாகப் பொருந்தியிருந்த ஜாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் எடுத்தேன். பாயில் பேப்பரை விரித்து, மேலே ஜாக்கெட்டை வைத்து, தையல் ஓரமாகவே குண்டூசியால் குத்திக்கொண்டு போனால் பேப்பரில் புள்ளி புள்ளியாக விழும், அதைப் பென்சிலால் சேர்த்துவிட்டுத் தையலுக்கு ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டியதுதான். கோலம் போடுகிற கைக்கு இது ஒரு வேலையா? ஆனால் பழக்கதோஷம், முன்பக்கம் இரண்டும் ஒன்றுதானே என்று பேப்பரை மடித்து வெட்டிவிட்டேன். அப்பாவின் பழைய வேட்டியில் சோதனைக்குத் தைத்துப் போட்டுப் பார்த்தால் வலது பக்கம் கச்சிதம், இடது பக்கம் காலிப் பை மாதிரி தொங்குகிறது. கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். இடது பக்கத்துக்குத் தனிக் காகிதம், என் உடம்பின் மேலேயே வைத்து எடுக்க வேண்டும், வந்து ஊசி குத்துங்கள் என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் புடவை மாற்றினாலே அந்த மனுஷன் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார், எனக்குச் சங்கடமாக இருக்குமாம். அவர் போவதுதான் எனக்குச் சங்கடம். அன்றைக்கு விடவில்லை. குத்திடப் போவுது செல்வா என்று கண்ணை மூடிக்கொண்டார். குத்தினாலும் தெரியாது, அங்க மரத்துத்தான் கெடக்குது, நீங்க கண்ணத் தொறந்து பாத்துக் குத்துங்க என்றேன். சிரித்துவிட்டார், அப்புறம் அழுதுவிட்டார், அப்புறம் ஆடாம நில்லு, பேப்பர் கோணிக்கிது என்று என்னையே அதட்டினார். இப்போது ஜாக்கெட் தயார். கைக்குழியைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றித் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், எங்கும் இழுக்கவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம், இந்தக் கடிதம் உனக்கு வரும்போது கல்யாணம் முடிந்திருக்கும். துண்டு இல்லாமல்தான் போகப்போகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வேன், நான் என்ன களவா செய்தேன்? இனிமேல் பஞ்சு கிஞ்சு என்று எதையும் வாங்கி அனுப்பாதே.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போட்டு வெளியே அனுப்பு. நோய்நொடி அண்டாமல் மூன்று பேரும் மனசு நிறைய வாழ வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். கல்யாணப் போட்டோவை மாமா உன் போனுக்கு அனுப்புவான். வீடியோவில் பேசும்போதெல்லாம் போனை மூஞ்சிக்கு நேரா வைம்மா என்று சொல்வாயே, அந்த மாதிரி முகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே. என்னை முழுசாகப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்வாம்பாள்