கையில் வாங்காத மிளகாய்க் கண்டுகள்

ஹேர்னிங்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ?

நீங்கள் தந்துவிட்ட மிளகாய் விதையளைத் தயிர்க் கோப்பையளில போட்டு, யன்னலடியில முளைக்க வைச்சனான். போன கிழமை வெயிலை நம்பி, முளைச்ச சின்னக் கண்டுகளை வெளியில வைச்சிட்டு வேலைக்குப் போனன். மத்தியானம் பனி கொட்டினது. ஓடிவந்து பாத்தா ஒண்டையும் காணேல்ல. பக்கத்து வீட்டு டெனிஷ் மனிசி கியஸ்டன் எல்லாத்தையும் தன்ர வீட்டுக்குள்ள எடுத்து வைச்சிருக்கிறா. அவ புண்ணியத்தில ஒண்டும் சாகேல்ல.

திருப்பித் தரேக்க நான் கையில வாங்கேல்ல, நிலத்தில வைக்கச் சொன்னன். கண்டெண்டாலும் மிளகாய்தானே, கைமாறினா சண்டை வரும் எண்டு விளக்கினன். சிரிச்சுக்கொண்டு குனிஞ்சு வைச்சா.

அவவுக்கும் சேர்த்துக் கத்தரி விதை அனுப்புங்கோ. பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவவோட மட்டும் சண்டை வரக்கூடாதம்மா, இஞ்ச என்ர கதவைத் தட்டுறது அவ ஒராள்தான்.

உங்கட மகள்,
தாரணி