முட்டியிலிருந்து கணுக்காலுக்கு

மார்ச் 8
காலையிலேயே புழுக்கம். கரியாஹாட் கடைத்தெருவில் வாங்க: சலங்கைக் கயிறு, ஊக்கு, பூந்தொட்டிக்கு மண். பொய்லா பொய்ஷாக், அதான் பெங்காலி வருஷப் பிறப்பு, நிகழ்ச்சிக்கு ஒரு மாதம்தான். ஜதி ஒன்றும் உருப்படவில்லை.

நடன வகுப்பில் அபர்ணா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வயதுக்கு என்ன சாமர்த்தியம்! போன வாரம் வலது முட்டி, இன்று இடது கணுக்கால். "முட்டி வலி டிராம் ஏறி கணுக்காலுக்குப் போயிடுச்சா?" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான். வருகை நோட்டில் அவள் பெயருக்கு எதிரே, போன வாரம் போலவே, 'நாடகம்'.

மார்ச் 12
எதிர் கிளப்பில் கார்ப்பரேஷன் கிளினிக்காரர்களின் குழந்தைகள் மருத்துவ முகாம். இலவசம். அரை மணி வீண் என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகளை அனுப்பினேன், நானும் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். அபர்ணா நெஞ்சில் குழாயை வைத்தவள் எடுக்கவே இல்லை. சமீபத்தில் தொண்டை வலி, காய்ச்சல் வந்ததா? வலி ஒரு மூட்டு விட்டு இன்னொரு மூட்டுக்குப் போகிறதா? பெங்காலியில்தான் கேட்டாள், என்னைவிட அபர்ணாவுக்கு நன்றாகப் புரியும். ஆனால் அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். கடைசியில் நான்தான் சொன்னேன், போகிறது என்று.

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. எக்கோ, இதயத்துக்கான ஸ்கேன், எடுக்க வேண்டுமாம்.

மார்ச் 13
வித்யா போன். அபர்ணாவின் அம்மா, ஐ.டி. வேலை, எட்டு மணிக்குத்தான் வீடு.
"என்னைக்கு எந்த மூட்டு வலிச்சுதுன்னு டாக்டர் கேக்கறாங்க ஆன்ட்டி. எனக்கு ஒண்ணுமே தெரியல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"
நோட்டில் எல்லாம் இருந்தது. தேதி, மூட்டு, நாடகம். நாடகத்தை மட்டும் விட்டுவிட்டு வேறு தாளில் எழுதி அனுப்பினேன். "நீங்க இவ்ளோ கவனிச்சது நல்லதாப் போச்சு" என்றாள். தூ.

மார்ச் 17
எக்கோ வந்துவிட்டது. இதய வால்வில் லேசான கசிவு. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருஷம். தவறவிடக் கூடாது. மூட்டு வலிக்கும் இதற்கும் ஆரம்பம் தொண்டைப் புண்ணாம். அப்போதே காட்டி முழு மருந்தும் கொடுத்திருந்தால் இதயம் வரை வந்திருக்காதாம்.

பிப்ரவரியில் தொண்டை வலி என்று அவள் என்னிடம்தான் சொன்னாள். தொண்டை வலித்தால் பாட்டுக்காரிக்குத்தான் கஷ்டம், உனக்குக் கால் இருக்கிறதல்லவா என்று முட்டி மடக்கி அரைமண்டியில் நிறுத்தினேன். அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமாக இருக்கிறது, வேறு சொல் இல்லை.

மார்ச் 20
பவானிபூரில் அபர்ணா வீடு. ஆரஞ்சு, வண்ணம் தீட்ட ஒரு புத்தகம். வித்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். டீ குடித்தேன், வெயிலைப் பற்றிப் பேசினேன், சொல்லவில்லை.

வித்யா கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் அபர்ணா மெதுவாக, "இப்ப நம்புறீங்களா ஆன்ட்டி?"
தலையை மட்டும் ஆட்டினேன். மன்னிப்புக் கேட்காமல் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். கோழை.

மார்ச் 23
வகுப்பில் ஏழு பேர். ஜதி பரவாயில்லை.

இடைவேளையில் சஹானா தண்ணீர் குடிக்கவில்லை. எச்சில் விழுங்கும்போது முகம் சுளித்தது. தொட்டேன், சூடு.
"தொண்டை வலிக்குதா?"
"இல்ல ஆன்ட்டி."
வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளே செக்கச்செவேல். அவள் அம்மாவுக்கு போன் செய்தேன், வகுப்பைக் கலைத்தேன். கார்ப்பரேஷன் கிளினிக் இரண்டு மணி வரைதான்.

செருப்பு மாட்டும்போது கேட்டேன், ஏன்டி மறைச்சே என்று.
"நீங்க சிரிப்பீங்க."